வயிற்றுக்குள் ஒரு பேட்டை

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கிப் பள்ளிப்பட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டால் பொதட்டூர்பேட்டைக்குப் போய்ச் சேரலாம். ஊர் வந்துவிட்டதா என்று கண்டக்டரைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை, காது சொல்லிவிடும். வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற ஊர் அது. சென்ற தை மாதத்தில் ஒரு நாள் நாம் அங்கே போயிருந்தோம். விசைத்தறிகள் போட்ட சப்தத்தில் நம்முடைய "சௌக்கியமா?" என்ற கேள்வி நண்பருக்குக் கேட்கவில்லை, நண்பருடைய "வாங்க, வாங்க" நமக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே இருவரும் உபசாரத்தை முடித்துக்கொண்டோம்.

1960-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி திருத்தணிப் பகுதி ஆந்திரத்தைவிட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்காக ம. பொ. சிவஞானம் நடத்திய கிளர்ச்சியைப் பற்றி இங்கே வயதானவர்கள் இன்னும் பெருமையாகப் பேசுவார்கள். பேச்சிலே மட்டும் தெலுங்கு தாராளமாகக் கலந்திருக்கும். நம் நண்பர் தம் தகப்பனாரை "நைனா" என்றுதான் கூப்பிடுகிறார். எல்லைச் சண்டை ஓய்ந்துபோயிற்று. நாம் போன சமயம் அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது வேறு சண்டை. அதற்குக் காரணம் நண்பருடைய கல்லீரல்.

நண்பருக்கு வயது 46. நான்கு விசைத்தறிகளுக்கு உடைமைக்காரர். எடை 84 கிலோ. அதில் பெரும்பகுதி வேஷ்டிக் கட்டுக்கு மேலே குடியிருக்கிறது. வேறு ஏதோ வயிற்றுவலிக்காக ஸ்கான் எடுக்கப் போன இடத்தில், "ஈரலிலே கொழுப்புப் படிந்திருக்கிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதம் எப்படியோ அவருடைய மைத்துனர் கையில் சிக்கியது. ஈரல் கெட்டுப்போவது எதனாலே என்பது உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அல்லவா? "அத்தான் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார்" என்று மைத்துனர் தீர்மானித்துவிட்டார். தீர்மானித்ததோடு நில்லாமல் தம் தமக்கையிடமும் சொல்லிவிட்டார்.

"ஐயா, சத்தியமாச் சொல்றேன். ஒரு சொட்டுத் தொட்டது கிடையாதுங்க. வீட்டிலே பேச்சே நின்னுபோச்சு" என்று நண்பர் நம்மிடம் கலங்கினார். பதினெட்டு வருஷத்துத் தாம்பத்தியத்துக்கு ஒரு ஸ்கான் காகிதம் இப்படி உலை வைக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

இதோடு இன்னொரு செலவும் சேர்ந்துகொண்டது. குடலுக்கு நன்மை செய்யும் கிருமிகளை அடைத்த மாத்திரைக் கூடுகள் கடைகளில் விற்கின்றன. ஒரு கூட்டிலே ஆயிரம் கோடிக் கிருமிகள் உயிரோடு இருக்கின்றனவாம். தினம் ஒன்று விழுங்கினால் தொந்தி கரையும், ஈரல் சுத்தமாகும் என்று யாரோ சொல்ல, நண்பர் இரண்டு தறியின் வாரக் கூலியைக் கொடுத்து ஒரு புட்டி வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். அந்தப் புட்டியை நம் கையில் கொடுத்து, "இது உண்மைதானா? நீங்கதான் சொல்லணும்" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "ஆயிரம் கோடியா! இந்தச் சட்டியிலே எத்தனை கோடி இருக்குதுன்னு எண்ணிச் சொல்லு, தம்பி" என்று நம்மைக் கேட்டார். கேள்வியில் பரிகாசம் இருந்தாலும் விஷயமும் இருந்தது. ஆகவே இந்த வாரம் இதையே எடுத்துக்கொள்வோம். நண்பருக்கு நேர்ந்தது நேயர்களில் பலருக்கு நேர்ந்திருக்கும்; இல்லாவிட்டால் இனிமேல் நேரலாம்.

முதலில் மைத்துனருக்குப் பதில் சொல்லிவிடுவோம். ஆரோக்கியமான ஈரலில் கொழுப்பு மிகக் கொஞ்சமே இருக்கும். நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேலே போனால் அது கொழுப்பு ஈரல். மதுபானம் இதற்கு ஒரு காரணம் என்பது வாஸ்தவந்தான். ஆனால் மது வாசனையே அறியாதவர்களுக்கும் இது வருகிறது. இந்தியாவில் நடந்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட கணக்குப்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு மேல் குடியால் வராத கொழுப்பு ஈரல் இருக்கிறது. குழந்தைகளிலும் நூற்றுக்கு 35 பேர் என்று அந்தக் கணக்குச் சொல்கிறது. முக்கியமாகப் பருமனான பிள்ளைகளிடம் இது அதிகம். 2021-ல் மத்திய சர்க்கார் இந்த நோயை நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. 2023-ல் உலகத்து ஈரல் நிபுணர்கள் கூடிப் பழைய பெயரையே மாற்றி, "உடலின் சத்துமாற்றக் கோளாறினால் வரும் கொழுப்பு ஈரல்" என்ற கருத்தில் புதுப் பெயர் வைத்தார்கள். நண்பரைப் போன்ற நிரபராதிகளின்மேல் படியும் அபவாதத்தைத் துடைப்பதும் அதற்கு ஒரு காரணம்.

அப்படியானால் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சோற்றுத் தட்டிலிருந்துதான். உடம்பு செலவழிப்பதற்கு மேல் உண்ணும் அரிசி, மைதா, சர்க்கரை, எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஈரல்தான் கணக்குப்பிள்ளை. வரவு மிஞ்சினால் அதைக் கொழுப்பாக மாற்றி ஓர் அறையில் போட்டு வைக்கும். உலக வழக்கப்படி மிச்சத்தைச் சேமித்து வைப்பவனுக்கு நல்ல பெயர் உண்டு. ஈரல் விஷயத்தில் அப்படி இல்லை. சிலருக்கு அந்தச் சேமிப்பே புகைந்து, அழற்சியாகி, தழும்பாகி, கடைசியில் ஈரல் சுருங்கிப்போகும்படி செய்துவிடுகிறது.

இந்தக் கதையில் குடலின் கிருமிகளுக்கு என்ன வேலை? ஈரலின் இருப்பிடத்தைக் கவனித்தால் விளங்கும். ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நேரே குடலிலிருந்து ஒரு பெரிய இரத்தக்குழாய் வழியாக வருகிறது. குடலில் எது கரைந்தாலும், எது கசிந்தாலும் முதலில் ஈரலின் வாசலைத்தான் தட்டும். அந்தக் குடலிலோ ஒரு பேட்டையே குடியிருக்கிறது. மனித உடம்பிலுள்ள கிருமிகள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். இதில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. அத்தனையும் சேர்ந்து எடை 200 கிராம்தான். நண்பருடைய புட்டியிலுள்ள ஆயிரம் கோடியை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், முவ்வாயிரத்து எண்ணூறு பேர் வாழும் ஊருக்கு ஒரே ஒரு விருந்தாளி வந்த கதைதான்!

விருந்தாளியால் ஊர் திருந்தும் என்று முதன்முதலில் உலகத்தை நம்பவைத்தவர் எலி மெச்னிகாப் என்னும் ருஷ்ய விஞ்ஞானி. பாரிஸ் பாஸ்டர் ஆராய்ச்சிசாலையில் வேலை செய்தவர். 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரிய நாட்டுக் குடியானவர்கள் நீண்ட ஆயுளோடு இருப்பதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலே காரணம் என்பது அவர் கட்சி. தாமும் புளித்த பாலை விடாமல் அருந்தினார். 1916-ல் 71-வது வயதில் காலமானார். புளித்த பால் ஆயுளை நீட்டியதா என்பதற்கு இதிலிருந்து ஒன்றும் ஏற்படவில்லை. ஆனால் ஐரோப்பாவில் தயிருக்குக் கிராக்கி ஏற்பட்டுவிட்டது.

உண்மையான சோதனைகள் பிற்பாடுதான் வந்தன. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்தில் ஜெப்ரி கார்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் கிருமியே அணுகாத தனி அறைகளில் எலிகளை வளர்த்தார்கள். பிறகு சாதாரண எலிகளின் குடற்கிருமிகளை அவற்றுக்குக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் அந்த எலிகளின் உடற்கொழுப்பு 60 சதவிகிதம் ஏறியது. வேடிக்கை என்னவென்றால், அவை முன்னைவிடக் குறைவாகவே தின்றன! இது 2004-ல். நாம் ஜீரணிக்க முடியாமல் தள்ளிவிடுகிற நாரையும் மாவையும் கிருமிகள் உடைத்து ஆகாரமாக்கி நமக்கே திருப்பிக் கொடுக்கின்றன என்று இதனால் தெரிந்தது.

2013-ல் இதே கூட்டத்தார் இன்னொரு சோதனை செய்தார்கள். ஒருவர் பருமன், ஒருவர் ஒல்லி என்றிருக்கும் இரட்டைச் சகோதரிகளின் குடற்கிருமிகளை எலிகளுக்குக் கொடுத்தார்கள். பருமன் சகோதரியின் கிருமி வாங்கிய எலி பருத்தது. ஒல்லிச் சகோதரியின் கிருமி வாங்கியது ஒல்லியாகவே இருந்தது. பிறகு இரண்டு எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். ஒல்லி எலியின் கிருமிகள் பருமன் எலியின் குடலில் குடியேறி அதைப் பருக்கவிடாமல் காப்பாற்றின. ஆனால் எப்போது? கொழுப்புக் குறைந்து நார் மிகுந்த ஆகாரம் போட்டபோதுதான். கொழுப்பு மிகுந்து காயும் பழமும் குறைந்த ஆகாரத்தைப் போட்டபோது அந்த நல்ல கிருமிகளால் குடியேற முடியவில்லை. நேயர்கள் இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நண்பருடைய புட்டிக்குப் பதில் இதிலேதான் இருக்கிறது.

மைத்துனருக்கு மட்டும் இன்னொரு சங்கதி சொல்லவேண்டும். சீனத்துப் பீகிங் நகரில் ஒரு மனிதருக்கு மோசமான கொழுப்பு ஈரல். மாவுப் பண்டமும் இனிப்பும் சாப்பிட்டால் அவருக்குக் குடிக்காமலே போதை ஏறிவிடும். அவர் குடலில் கிளெப்ஸியெல்லா என்ற கிருமியில் ஒரு வகை, சர்க்கரையிலிருந்து சாராயத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்ததை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். லைசென்ஸ் இல்லாத சாராயக்கடை! அந்தக் கிருமியை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் ஈரலில் கொழுப்புப் படிந்தது. பிறகு மற்றக் கொழுப்பு ஈரல் நோயாளிகளைச் சோதித்ததில், அந்தக் கூட்டத்தில் 60 சதவிகிதம் பேரிடம் இப்படிச் சாராயம் காய்ச்சும் கிருமி இருந்தது. இது வெளிவந்த ஆண்டு 2019. நம் நண்பர் குடலில் அது இருக்கிறதென்று நாம் சொல்லவில்லை. ஒரு சின்னக் கூட்டத்தின் கணக்கை எல்லாருக்கும் பொருத்துவது நியாயமாகாது. ஈரலைப் பார்த்த மாத்திரத்தில் மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பதற்காகச் சொன்னோம்.

இனிப் புட்டிக்கு வருவோம். கிருமி மாத்திரைகளால் கொழுப்பு ஈரல்காரர்களின் இரத்தத்தில் ஈரல் சோதனை எண்கள் ஓரளவு இறங்கியதாகப் பல சிறு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. எடையிலோ சொற்ப மாறுதல்தான். பெல்ஜியத்தில் அக்கர்மான்சியா என்னும் குடற்கிருமியைப் பருமனானவர்களுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 32 பேர் சோதனையை முடித்தார்கள். இன்சுலின் நன்றாக வேலை செய்தது. கொலஸ்டிரால் கொஞ்சம் இறங்கியது. எடை உறுதியாகச் சொல்லத்தக்க அளவு குறையவில்லை. அதிலும் விசித்திரம், உயிருள்ள கிருமியைவிட, வெந்நீர்ச் சூட்டில் கொன்ற கிருமியே அதிகப் பலன் கொடுத்தது! இருந்தபோது உபயோகப்படாமல் இறந்தபிறகு உபயோகப்படுவது மனிதரில் மட்டுமல்ல என்று தெரிந்துகொண்டோம். எப்படியும், 32 பேரை வைத்து ஊருக்கெல்லாம் மருந்து எழுத முடியாது.

கிருமிதானே, கெடுதல் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணையம் கடுமையாக வீங்கிய நோயாளிகளுக்கு ஹாலந்தில் இந்த நல்ல கிருமிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கப்படாதவர்களில் நூற்றுக்கு 6 பேர் இறந்தார்கள். கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 16 பேர். 2008-ல் இந்த முடிவு வெளிவந்தது. கடும் நோயில் படுத்திருப்பவர்களும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் டாக்டரைக் கேளாமல் இவற்றைத் தொடக் கூடாது.

"அப்படிச் சொல்லுங்க! நம்ம கூழுக்கும் பழையதுக்கும் முன்னாலே இதெல்லாம் நிக்குமா?" என்று பெரியவர் உற்சாகமடைந்தார். நமக்கும் சுதேசி அபிமானம் உண்டு. ஆனால் அபிமானம் வேறு, ஆதாரம் வேறு. சுயராஜ்யம் பெற்ற ஜனங்கள் தங்கள் சொந்தச் சரக்கையும் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இட்லியையே எடுத்துக்கொள்வோம். மாவைப் பொங்கவைப்பது லூகோனாஸ்டாக் என்னும் கிருமி என்று 1965-ல் கண்டறிந்தார்கள். ராத்திரி முழுவதும் அது பாடுபடுகிறது. காலையில் இட்லிப்பானையின் ஆவியில் அத்தனையும் மடிந்துபோகின்றன. ஆகவே இட்லி எளிதில் ஜீரணமாகும் நல்ல ஆகாரம். ஆனால் உயிருள்ள கிருமி வேண்டுமென்று அதைத் தின்பதில் அர்த்தமில்லை. தயிர், மோர், நீராகாரம், புளித்தபின் கொதிக்கவைக்காத கூழ் ஆகியவற்றில் கிருமிகள் உயிரோடிருக்கின்றன. அவையும் பெரும்பாலும் வழிப்போக்கர்கள்தாம். குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. தினம் வந்து, போகிற வழியில் நாலு நல்ல காரியம் செய்துவிட்டுப் போகும்.

பழைய சோற்றைப் பற்றிச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் குடல் அறுவை மருத்துவப் பிரிவார் அக்கறையோடு ஆராய்ந்து வருகிறார்கள். குடல் அழற்சி நோய்க்காரர்களுக்கு அது எவ்வளவு உதவும் என்பது அவர்கள் விசாரணை. நம் சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பது சந்தோஷமான விஷயம். பழையதில் இன்னொரு நயமும் உண்டு. சோறு ஆறிக் குளிரும்போது அதிலுள்ள மாவில் ஒரு சிறு பங்கு இறுகி, சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடல் வரையில் போகிறது. அங்கே கிருமிகளுக்கு அது விருந்து. அவை அதை உண்டு சில அமிலங்களைச் செய்கின்றன. குடற்சுவரின் அணுக்களுக்கு அந்த அமிலங்களில் ஒன்றுதான் முக்கியமான ஆகாரம். சுவர் உறுதியாயிருந்தால் விஷம் ஈரலுக்குக் கசிவதும் குறையும். சீனத்தில் 200 கொழுப்பு ஈரல்காரர்களை வைத்து நடத்திய சோதனையில், இத்தகைய இறுகிய மாவை நான்கு மாதம் கொடுத்தபோது ஈரற்கொழுப்பு நன்றாக இறங்கிற்று என்று 2023-ல் வெளியிட்டார்கள். ஆனால் அது சோளத்திலிருந்து எடுத்த பொடி. பழைய சோறு அல்ல. பழையதை நாலு கிண்ணம் உள்ளே தள்ளி, பக்கத்தில் உப்பு ஊறுகாயும் பொரித்த வடகமும் வைத்துக்கொண்டால், கிருமிக்கு விருந்து நடக்குமுன் ஈரலுக்குப் பாரம் ஏறிவிடும்.

பெரியவரின் முகம் சற்று வாடியது. அவருக்கு வயது 78. ஒல்லியான தேகம். "நான் ஒரு வியாதியும் கண்டதில்லையே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

"உங்கள் காலைக் கேளுங்கள்" என்றோம். ஐம்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து மிதித்த கால்கள் அவை. கையால் நாடாவை ஓட்டி, காலால் மிதித்து, விடியற்காலையில் தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சி போட்டு அங்குமிங்கும் நடந்து உழைத்த உடம்பு. கூழ் அந்த உழைப்புக்கு ஏற்ற ஆகாரமாயிருந்தது. மகனுடைய தறியையோ மின்சாரம் ஓட்டுகிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து இழை அறுகிறதா என்று பார்க்கிறார். மணிக்கொரு தரம் சர்க்கரை போட்ட டீ வருகிறது. அதோடு போண்டாவோ பிஸ்கோத்தோ வருகிறது. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா. பொதட்டூர்பேட்டையில் மட்டும் இப்படி இல்லை. மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் ராத்திரி முறை வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும், சென்னையில் காரியாலயத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம்மைப்போன்றவர்களுக்கும் இதே கதிதான். வேலையிலிருந்து காலை எடுத்துவிட்டோம். வாய்க்கு மட்டும் ஓவர்டைம் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே நண்பருக்கு நாம் சொன்ன யோசனை சாதாரணமானது. ஒரு புதுமையும் இல்லை. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் ஈரலின் கொழுப்புக் குறைய ஆரம்பிக்கிறது. ஏழிலிருந்து பத்து வரையில் குறைந்தால் அழற்சி தணிகிறது. பத்துக்கு மேல் போனால் ஆரம்பத் தழும்புகூடப் பலருக்கு ஆறுகிறது. 84 கிலோக்காரருக்கு முதல் படி நாலு கிலோ. கடைசிப் படி எட்டரைக் கிலோ. அதை மாதக்கணக்கில் மெதுவாகக் குறைக்கவேண்டும். பட்டினி கிடந்து ஒரேயடியாகக் குறைப்பது ஈரலுக்கே ஆகாது. டீயில் சர்க்கரையை நிறுத்துவது, ராத்திரிப் பரோட்டாவை நிறுத்துவது, சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரை, அவரை, பயறு, காய் வைத்துக்கொள்வது, கெட்டித் தயிருக்குப் பதில் மோர், தினம் முக்கால் மணி வேகமான நடை — இவ்வளவுதான். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் டாக்டரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும். ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லவேண்டும். விழுந்திருந்தால் வைத்தியம் வேறு. அத்தகையவர்களுக்கென்று 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு மருந்து அனுமதிக்கப்பட்டது. அப்போதும் ஆகாரத்தையும் நடையையும் விடச்சொல்லவில்லை.

"அப்போ புட்டி?" என்றார் நண்பர்.

"வாங்கியது வாங்கியாயிற்று. டாக்டர் வேண்டாமென்று சொல்லாவிட்டால் தீர்த்துவிடுங்கள். அடுத்த புட்டியின் காசுக்குக் காயும் பயறும் வாங்குங்கள். நல்ல கிருமி குடியேறவேண்டுமானால் முதலில் அதற்குச் சோறு போடவேண்டும். கஞ்சி போடாத பாவிலே எவ்வளவு உசந்த நூலைக் கொடுத்தாலும் தறியில் அறுந்துதானே போகும்?" என்றோம்.

இது அவருக்கு உடனே விளங்கிற்று. உள்ளே கதவோரத்தில் நின்றிருந்த அவர் மனைவிக்கும் விளங்கியிருக்கவேண்டும். "சாப்பிட வாங்க" என்று குரல் வந்தது. நம்மைக் கூப்பிட்டார்களா, கணவரையா என்று தெரியவில்லை. நண்பர்தான் முதலில் எழுந்தார். பல நாளுக்குப் பிறகு கேட்ட குரல் போலிருக்கிறது!

வைகாசி மாதத்தில் நண்பர் டெலிபோனில் பேசினார். பின்னணியில் தறி சப்தம். நாலு கிலோ குறைந்திருக்கிறது. ஈரலின் இரத்தச் சோதனை எண்களும் இறங்கியிருக்கின்றன. ஆடி கழிந்து மறுபடி ஸ்கான் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். காலையில் அவரும் மனைவியும் ஊருக்கு வெளியே வரையில் நடந்துபோய் வருகிறார்களாம்.

"மைத்துனர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டோம்.

நண்பர் சற்றுத் தயங்கினார். "அவரும் போன மாசம் ஸ்கான் எடுத்துக்கிட்டாருங்க. அவருக்கும் ஈரல்லே கொழுப்பாம். பாவம், அவரும் குடிக்கமாட்டாருங்க" என்றார்.

அந்தப் "பாவம்" நமக்கு மிகவும் பிடித்திருந்தது.